நாற்பத்தொரு கேள்விகள்

அத்தியாயம் 9

ஒரு படிவத்தில் எழுதிய மூன்று வரிகள் அந்த வீட்டுக்குள் நுழைந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து மருமகளுக்குச் சோறு இறங்கவில்லை.

படிவம் பள்ளிக்கூடத்துடையது. "இந்த ஆண்டு உங்கள் தொழில் வளர்ச்சிக்கான இலக்குகள்" என்று மேலே அச்சடித்திருக்கும். கீழே கோடு போட்ட இடம். ஆசிரியர் அறையில் அதை நிரப்ப யாருக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆவதில்லை. போன வருடத்துத் தாளைப் பார்த்து எழுதி, வருடத்தை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

இருபத்தேழு வருடமாக அறிவியல் நடத்தும் மாமியாரும் இதுவரை அப்படித்தான் கொடுத்துவந்தார். இந்த வருடம் என்ன தோன்றியதோ, பேனாவைத் திறந்து புதிதாக எழுதினார்:

"என் வகுப்பில் இன்னோர் ஆசிரியர் உட்கார வேண்டும். நான் எத்தனை கேள்வி கேட்கிறேன், பதிலுக்கு எத்தனை விநாடி காத்திருக்கிறேன், யாரைக் கேட்கிறேன் என்று குறித்துத் தர வேண்டும். அதை வைத்து நான் என்னைத் திருத்திக்கொள்ள வேண்டும்."

தலைமை ஆசிரியர் கால அட்டவணையைப் புரட்டினார். அந்த நேரத்தில் கையில் வகுப்பு இல்லாத அறிவியல் ஆசிரியை ஒரே ஒருத்திதான். எட்டு மாதத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்து, இன்னும் நிரந்தரமாகாத மருமகள்.

அவள் தலையில் இடி விழுந்தது அப்போதுதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, அவள் கண்ணாடி முன் நின்று புடவைக்கு மூன்றாவது தடவையாகப் பின் குத்திக்கொண்டிருந்தாள். அவள் கணவன், லிஃப்ட் மெக்கானிக், கட்டிலில் உட்கார்ந்து காலுறை மாட்டிக்கொண்டிருந்தான்.

"இதுக்கு ஏன் இவ்வளவு பதட்டம்? அம்மா கிளாஸ் நல்லாத்தான் இருக்கும். நல்லதா நாலு வரி எழுதிக் குடுத்துட்டு வா."

"நல்லா இல்லன்னா?"

"அப்பவும் நல்லதா நாலு வரி எழுதிக் குடுத்துட்டு வா." அவன் சிரித்தான். "இங்க பாரு, நான் லிஃப்ட்டுல என்ன கோளாறுன்னு சொன்னா லிஃப்ட் என்னை முறைக்காது. நீ சாயந்திரம் அதே ஆளோட உக்காந்து சாப்பிடணும்."

அவன் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. பட்டதால்தான் அவளுக்குப் பயம் கூடியது.

வீட்டிலிருந்து பள்ளிக்கு நடை தூரம். வழி முழுக்க அவர்கள் அத்தையும் மருமகளும். கேட்டைத் தாண்டியதும் 'அத்தை' நின்றுபோய் 'மேடம்' ஆரம்பமாகும். அது அவர்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு. முதல் வாரத்தில் ஒருநாள் மருமகள் ஆசிரியர் அறையில் வாய் தவறி "அத்தை" என்று கூப்பிட, கணக்கு ஆசிரியர் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டது தனிக்கதை.

முதல் பீரியட். எட்டாம் வகுப்பு, ஏ பிரிவு.

மருமகள் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். விளையாட்டு ஆசிரியரிடம் வாங்கிய ஸ்டாப்வாட்ச் ஒரு கையில். மறு கையில் பென்சில். நோட்டில் வகுப்பை அப்படியே வரைந்திருந்தாள், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கட்டம்.

பாடம், காற்றில் இருக்கும் ஈரம். மாமியார் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஐஸ் கட்டிகளைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் டம்ளரின் வெளிப்பக்கம் வியர்த்தது.

"வெளிய தண்ணி எப்படி வந்துச்சு? உள்ள இருந்து வந்துச்சா? இல்ல! காத்துல நீராவி இருக்கு. அது சில்லுனு இருக்கிற டம்ளர்ல பட்டதும் என்ன ஆகும்? குளிரும். குளிர்ந்தா? தண்ணியாகும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மேடம்!" கூரை அதிர்ந்தது.

அழகான வகுப்பு. கையெழுத்து முத்து முத்தாக, படம் கச்சிதமாக, பேச்சு அருவி மாதிரி. பிள்ளைகள் அவருக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள், பாசமாகத்தான். நாற்பது நிமிடம் அவர் எங்கும் நிற்கவில்லை. மணி அடிக்கவும் கடைசிப் புள்ளி வைக்கவும் சரியாக இருந்தது.

மருமகள் நோட்டைப் பார்த்தாள். சட்டென்று மூடினாள்.

அடுத்து அவளுக்கு ஓய்வு நேரம். பரிசோதனைக் கூடத்தின் மூலையில் உட்கார்ந்து, புதிய தாள் ஒன்றில் நல்ல கையெழுத்தில் எழுதினாள். 'கேள்விகள் தெளிவாக இருந்தன. மாணவர்கள் உற்சாகமாகப் பங்கேற்றனர். பலகையைப் பயன்படுத்திய விதம் பாராட்டுக்குரியது.' சரியாக நாலு வரி வந்ததும் கையெழுத்துப் போட்டாள்.

மதிய இடைவேளையில் அதே பரிசோதனைக் கூடத்தில் இருவரும் டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். மாமியார் தாளை வாங்கிப் படித்தார். திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று.

"நான் எத்தனை கேள்வி கேட்டேன்?"

"நிறைய கேட்டீங்க மேடம்."

"நிறையன்னா?"

மருமகள் டிபன் பாக்ஸின் மூடியைத் துடைத்தாள். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"உன் கிளாஸ்ல ஒரு பிள்ளை தெர்மாமீட்டரைப் பாத்துட்டு 'சூடா இருக்கு'ன்னு நோட்ல எழுதினா மார்க் போடுவியா?"

"மாட்டேன்."

"அப்புறம் எனக்கு மட்டும் ஏன் இப்படி எழுதிக் குடுக்கிற?"

"மேடம், இது ஃபைலுக்குப் போற தாள். வியாழக்கிழமை உங்க கிளாஸைப் பாக்கக் குழு வேற வருது..."

"ஃபைலை விடு. பென்சில்ல எழுதினியே, அந்த நோட்டைக் குடும்மா."

அந்த 'ம்மா'வில் அதட்டல் இல்லை. கெஞ்சல் மாதிரி ஒன்று இருந்தது. இந்தக் குரலில் மாமியார் பேசி அவள் கேட்டதே இல்லை. நோட்டை நீட்டினாள்.

மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

கேட்ட கேள்விகள் நாற்பத்தொன்று. அதில் 'புரிஞ்சுதா?' மட்டும் ஒன்பது. அவரே கேட்டு அவரே பதில் சொன்னவை இருபத்து மூன்று. பிள்ளைகள் பதில் சொன்னவை ஒன்பது. அந்த ஒன்பதில் ஏழு, முன் பெஞ்சில் இருக்கும் அதே மூன்று பேர் சொன்னது. சன்னல் வரிசையில் பதினோரு பேர். அவர்களிடம் கேட்ட கேள்வி, பூஜ்யம். பதிலுக்குக் காத்திருந்த அதிகபட்ச நேரம், இரண்டு விநாடி.

"இந்த ரெண்டு விநாடி எங்க வந்துச்சு?"

"அப்ப உங்களுக்குத் தும்மல் வந்துச்சு."

மாமியார் சிரிப்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. காது மடல் சிவந்திருந்தது. டிபன் பாக்ஸை அப்படியே மூடிவிட்டு எழுந்து, கூடத்தின் ஓரத்துக் குழாயடிக்குப் போனார். கை கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார்.

போச்சு, என்று நினைத்தாள் மருமகள். எட்டு மாத வேலையும், கல்யாணமாகி வந்த இரண்டு வருடத்தில் சேர்த்த நல்ல பெயரும் அந்தத் தண்ணீரோடு போய்க்கொண்டிருப்பதாக அவளுக்குத் தோன்றியது.

அவர் முந்தானையில் கையைத் துடைத்தபடி திரும்பி வந்தார்.

"சன்னல் வரிசைல பதினோரு பேர். எல்லார் பேரும் எனக்குத் தெரியும். யாருக்குக் கண்ணு சரியாத் தெரியாது, யாருக்கு வீட்டுல கஷ்டம், எல்லாம் தெரியும். ஆனா இப்ப யோசிச்சுப் பாத்தா, அதுல நாலஞ்சு பேர் குரல் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியல."

மாமியார் நோட்டை மறுபடி கையில் எடுத்தார்.

"போன மாசம் கண்ணாடி மாத்தப் போனேன்ல, கடையில இருந்த பொண்ணு என்கிட்ட படிச்சவளாம். ஓடி வந்து கையைப் பிடிச்சுக்கிட்டா. 'உங்க கிளாஸ் மாதிரி வராது மேடம். எல்லாத்தையும் நீங்களே சொல்லிடுவீங்க. எங்களுக்கு யோசிக்கிற வேலையே வச்சதில்ல'ன்னா." மாமியார் நோட்டை மூடினார். "பாவம், அவ புகழ்ந்துதான் சொன்னா. எனக்கு அன்னிக்குத் தூக்கம் வரல. அது நிஜமா பொய்யான்னு தெரிஞ்சுக்கத்தான் அந்தப் படிவத்துல அப்படி எழுதினேன்."

"அத்தை..." கேட்டுக்குள் இருப்பதை மருமகள் மறந்துவிட்டாள்.

"அஞ்சாவது பீரியட் பி பிரிவு. இதே பாடம்தான். உனக்கு அப்ப கிளாஸ் இருக்கா?"

"இல்ல."

"எத்தனை விநாடி காத்திருந்தா நல்லதுன்னு நினைக்கிற?"

தன்னிடம்தான் கேட்கிறார் என்று புரியவே அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. மாமியார் இந்த முறை தானே பதில் சொல்லிவிடாமல் நின்றார்.

"ஏழு?" என்றாள்.

மாமியார் பேனாவை எடுத்து, பரீட்சையில் காப்பியடிக்கும் பிள்ளை மாதிரி, உள்ளங்கையில் பெரிதாக 7 என்று எழுதிக்கொண்டார்.

பி பிரிவில் அதே டம்ளர், அதே ஐஸ். டம்ளர் வியர்த்தது.

"வெளிய இருக்கிற தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

ஒன்று. இரண்டு. கடைசி பெஞ்சில் மருமகளின் கட்டைவிரல் ஸ்டாப்வாட்ச்சில் அழுந்தியிருந்தது. மூன்று. மாமியார் சாக்பீஸைக் கையில் உருட்டினார். நான்கு. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐந்து. முன் பெஞ்சுப் பையன் எழுந்தான்.

"மேடம், உடம்பு சரியில்லையா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. மாமியாரும் சிரித்துவிட்டார். "நல்லாத்தான் இருக்கேன்டா. உக்காரு. நீங்க யோசிக்கிறதுக்காக நிக்கிறேன்."

மறுபடி அமைதி. நெற்றியில் அவருக்கு வியர்வை பூத்தது. இருபத்தேழு வருடமாக ஓடிய வண்டியை ஓரிடத்தில் நிறுத்திவைப்பது எத்தனை கஷ்டம் என்று மருமகளுக்கு அங்கிருந்தே தெரிந்தது.

சன்னலோரம் கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி இருந்தாள். கையைத் தூக்கினாளா, தலையைச் சொறிந்தாளா என்று சொல்ல முடியாத உயரத்தில் அவள் கை நின்றது.

"நீ சொல்லுடா கண்ணு."

"டம்ளர்ல ஓட்டை இருக்கு மேடம். சின்னச் சின்ன ஓட்டை. அது வழியா கசியுது."

பின்னால் யாரோ கெக்கலித்தார்கள். பெண்ணின் முகம் சுண்டிப்போனது. 'இல்ல, காத்துல நீராவி இருக்கு' என்ற வாக்கியம் மாமியாரின் நாக்கு நுனிவரை வந்ததை மருமகள் கண்ணால் பார்த்தாள். அவர் உதட்டைக் கடித்து அதை விழுங்கினார்.

"ஓட்டை இருக்குன்னே வச்சுப்போம். இருக்கா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

இந்த முறை பதினொரு விநாடி. வெளியே யாரோ பந்தைச் சுவரில் அடிக்கும் சத்தம் கேட்டது.

"மேடம், உள்ள இங்க் ஊத்துவோம். கசிஞ்சா வெளிய நீலமா வரும்." பின் வரிசையிலிருந்து ஒருவன்.

"அட!" என்றார் மாமியார். அந்த 'அட' ஒத்திகை பார்த்த 'அட' இல்லை.

டம்ளரைத் துடைத்தார்கள். இங்க் ஊற்றினார்கள். காத்திருந்தார்கள். வெள்ளைத் தாளால் வெளிப்பக்கத்தை ஒற்றி எடுத்தால், தாள் ஈரமாயிருந்தது. நீலம் துளியும் இல்லை. வகுப்பு பெஞ்சுகளை விட்டு மேசையைச் சுற்றி வந்துவிட்டது.

"அப்ப எங்கேர்ந்து வந்துச்சு?"

கண்ணாடிப் பெண் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அவள் கையைத் தூக்கவில்லை, நேராகப் பேசினாள்.

"மேடம், எடை போட்டுப் பாக்கலாமா? உள்ள இருக்கிற தண்ணிதான் வெளிய வருதுன்னா மொத்த எடை மாறாது. வெளிய இருந்து வந்து ஒட்டுச்சுன்னா எடை கூடணும்ல?"

மாமியார் அப்படியே நின்றார். இருபத்தேழு வருடம் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறார். ஒருமுறைகூட அவருக்கு இது தோன்றியதில்லை.

"எனக்கு இது தோணவே இல்லடா," என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். "ஓடிப்போய்க் கூடத்துல இருக்கிற எலக்ட்ரானிக் தராசை எடுத்துட்டு வா."

டம்ளரை மறுபடி துடைத்துத் தராசில் வைத்தார்கள். முப்பத்தெட்டு தலைகள் ஒரு சின்னத் திரையின் மேல் குனிந்தன. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கடைசி இலக்கம் ஒன்று கூடியது. கொஞ்சம் கழித்து இன்னொன்று.

"ஏறுது! ஏறுது மேடம்!"

"காத்துலேர்ந்துதான் வருது!" என்றாள் கண்ணாடிப் பெண். தன் ஓட்டையைத் தானே அடைத்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்து, மருமகள் ஸ்டாப்வாட்ச்சை நிறுத்த மறந்துபோனாள்.

மணி அடித்தது. யாரும் நகரவில்லை. அடுத்த பீரியடுக்கு வந்த கணக்கு ஆசிரியர் வாசலில் நின்று இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

பலகையில் ஒரு வரி எழுதவில்லை. எழுத வேண்டிய குறிப்புகள் நான்கும் அப்படியே பாக்கி. மருமகள் அதையும் விடாமல் நோட்டில் குறித்தாள். கேள்விகள் எட்டு. பதில் சொன்னவர்கள் பதினாறு பேர். பாடம் முடியவில்லை.

பள்ளி விட்டதும் தலைமை ஆசிரியர் இருவரையும் கூப்பிட்டார். அவர் மேசையில் நோட்டிலிருந்து கிழித்த காலைத் தாள், மதியத் தாள், அழகாக எழுதிய நாலு வரித் தாள் மூன்றும் இருந்தன. மூன்றையும் மாமியார்தான் கொண்டுபோய்க் கொடுத்திருந்தார்.

"டீச்சர், வியாழக்கிழமை வர்ற குழு எதுக்கு வருதுன்னு தெரியும்ல? மத்த பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி குடுக்க ஒருத்தரைத் தேர்ந்தெடுக்க. உங்களைத்தான் நான் சொல்லியிருக்கேன். இந்த நாலு வரியை ஃபைல்ல வைக்கிறேன். மத்த ரெண்டையும் நீங்களே வச்சுக்குங்க."

"அந்த நாலு வரியை என் மருமக எனக்காக எழுதினா சார். ஃபைலுக்கு மத்த ரெண்டும் போகட்டும். சேத்துப் பின் அடிச்சுடுங்க."

"நாற்பத்தொரு கேள்வி, இருபத்து மூணுக்கு அவரே பதில்னு எழுதியிருக்கு. படிச்சா என்ன நினைப்பாங்க?"

"அதுக்குக் கீழ அதே நாள் மதியம் நடந்ததும் இருக்கே. ரெண்டையும் படிக்கட்டும்."

"சரி, வியாழக்கிழமையாவது உங்க பழைய பாணியில நடத்துங்க. குழு முன்னாடி நீங்க ஏழு விநாடி பேசாம நின்னா, பாடம் மறந்துபோச்சுன்னு எழுதிடுவாங்க."

"எழுதட்டும் சார். இன்னிக்குத்தான் ஆரம்பிச்சிருக்கேன். வியாழக்கிழமைக்குள்ள கைவந்துடாது, தடுமாறத்தான் செய்வேன். ஆனா பயிற்சி குடுக்கப் போறவ தடுமாறாம எப்படிக் கத்துக்கிட்டான்னு அவங்களுக்குச் சந்தேகம் வரக்கூடாதில்ல?"

தலைமை ஆசிரியர் நாலு வரித் தாளைத் தனியாக எடுத்து வைத்தார்.

"ரிட்டயர் ஆக மூணு வருஷம்தான் இருக்கு டீச்சர் உங்களுக்கு."

"மூணு வருஷத்துல முந்நூறு பிள்ளைங்க என்கிட்ட வரும் சார்."

தலைமை ஆசிரியர் ஸ்டேப்ளரை எடுத்து, பென்சில் தாள்கள் இரண்டையும் சேர்த்து ஓர் அடி அடித்தார். நாலு வரித் தாளை மடித்து மருமகளிடம் கொடுத்தார். "கையெழுத்து நல்லா இருக்கும்மா உனக்கு," என்றார், வேறென்ன சொல்வதென்று தெரியாமல்.

கேட்டைத் தாண்டினார்கள். மாமியார் வழக்கம்போல வேகமாக நடக்கவில்லை.

"என் மேல கோவமா அத்தை?"

"உன் மேல எதுக்கு? முதல் தாளைக் குடுத்தப்ப இருந்துச்சு. ரெண்டாவதைக் குடுத்தப்ப போயிடுச்சு." கொஞ்ச தூரம் போனதும், "அடுத்த செவ்வாயும் வந்து உக்காரணும் நீ. இந்த வருஷம் முழுக்க. சரியா?" என்றார்.

"சரி அத்தை." தனக்கு இந்த வயதில், இந்தப் பெயர் எடுத்த பிறகு, இப்படி ஒரு நோட்டைக் கேட்டு வாங்கிப் படிக்கும் தைரியம் வருமா என்று அவள் எண்ணிப் பார்த்தாள். வரும் என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு மெக்கானிக் வீடு திரும்பியபோது, சமையலறையிலிருந்து இரண்டு பெண்களின் சிரிப்பும் கேட்டது. அவன் வாசலிலேயே நின்று ஒருகணம் காதைத் தீட்டினான். சண்டை இல்லை என்று உறுதியான பிறகுதான் செருப்பைக் கழற்றினான்.

டீ குடித்தபடி முழுக் கதையையும் கேட்டான். தும்மல் வந்த இடத்தில் அவனுக்குப் புரையேறியது.

"நீ கிளாஸ்ல மட்டுமா அப்படி? வீட்டுலயும் அதேதான்மா. 'சாப்பிட்டியா? சாப்பிட்டிருப்ப. வேலை எப்படி? நல்லாத்தான் இருக்கும்.' நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள பதில் வந்துடும்."

"அப்படியாடா?" மாமியார் மருமகளைப் பார்த்தார். அவள் ஆமாம் என்று தலையசைத்தாள்.

"சரி, இப்ப கேக்கிறேன்." டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மகன் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "வேலை எப்படிப் போகுது?"

விளையாட்டாகத்தான் கேட்டார். மருமகள் சிரித்துக்கொண்டே விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள்.

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பு குறைந்தது. கையிலிருந்த கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அம்மா பேசவில்லை. அவன் மனைவியின் நான்காவது விரல் மடங்கியது. ஐந்தாவது மடங்கியது. ஆறாவதில் அவள் எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.

"எனக்கு மாற்றல் வந்திருக்கும்மா," என்றான். "வேற ஊர். புதுசா ஒரு கிளை திறக்கிறாங்க, என்னை மேற்பார்வைக்குப் போடுறாங்க. பெரிய வேலைதான். ரெண்டு வாரமா உங்க ரெண்டு பேர்கிட்டயும் எப்படிச் சொல்றதுன்னு தெரியாம சுத்திக்கிட்டிருக்கேன்."

மருமகள் மடக்கிய விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள்.

"குடும்பத்தோட வரணும்னு சொல்றாங்க. வீடு அவங்களே தர்றாங்களாம்."

மாமியாருக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. 'நல்ல விஷயம்தானே', 'இவ வேலை என்ன ஆகிறது', 'என்னை விட்டுட்டா போறீங்க' எல்லாம் ஒரே சமயத்தில் முட்டிக்கொண்டு வந்தன. அவர் ஒன்றையும் வெளியே விடவில்லை. மருமகளின் முகத்தைப் பார்த்தபடி, அவள் முதலில் பேசட்டும் என்று உட்கார்ந்திருந்தார்.

"எப்ப சேரணும்?" என்றாள் அவள்.

"ஒண்ணாந்தேதி."

ஒண்ணாந்தேதிக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது.